முதல்ல ஆருக்குச் சொல்ல?

எங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவுக்கு வெளியே உட்கார ஒரு மர வாங்கு கிடக்கிறது. தாதியாக என் வேலைக்காலம் முழுக்க நான் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள். நான் வந்ததும் வாங்கில் இருப்பவர்கள் எழும்பி நிற்பார்கள். அவர்களுடைய கண்கள் என் வாயையே பார்க்கும். அந்தப் பார்வைக்கு நான் பழகிப்போயிருந்தேன். வாங்கில் இருந்துகொண்டு கதவைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று மட்டும் இந்த மாரிகாலம் வரைக்கும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஆசுபத்திரியின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கூடத்துத் தாதிப் பிள்ளைகள் நீங்கள் கேட்டபோது, இளைப்பாறியவர்கள் எழுதுகிற மாதிரி, யுத்தப் பிரச்சினை நடந்த காலத்தில் வேலை செய்த கதைகள் சிலவற்றை எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் என் மகள் நிரோஜாவை அந்தக் கதவுக்குள் கொண்டுபோனார்கள். அவள் இப்போது சுகம். நான்தான் இன்னும் அந்த வாங்கிலிருந்து எழும்பியதாக இல்லை. ஆகவே வேறு ஒன்றையும் எழுத முடியவில்லை. நீங்கள் நோயாளிகளிடம் கேட்கிற ஒரேயொரு கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தள்ளுகட்டிலை உள்ளே எடுக்க முன்பு குனிந்து கேட்கிறீர்கள்: "முடிஞ்சதும் முதல்ல ஆருக்குச் சொல்ல?" நோயாளி சொல்கிற பெயரை மனதில் வைத்துக்கொள்கிறீர்கள். வேலை முடிந்ததும் வெளியே போய் அந்தப் பெயரைத்தான் முதலில் கூப்பிடுகிறீர்கள். எல்லா ஆசுபத்திரியிலும் இப்படித்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி இல்லை. எந்தச் சுற்றுநிருபத்திலும் இது கிடையாது. இது ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. அவரை உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் அவர் நின்ற பலகையைத் தெரியும். மேல் தட்டில் இருக்கிற சேலைன் பெட்டியை எடுக்க நீங்கள் ஏறுகிற அந்தக் கட்டைப் பலகை, பெட்டி எடுப்பதற்காகச் செய்தது அல்ல. மெடம் என்று நாங்கள் கூப்பிட்ட அவர் ஆள் கட்டை. மேசைக்கு உயரம் எட்டாது. தச்சரைப் பிடித்து அதைச் செய்வித்து, அதன்மேல் நின்றுதான் அத்தனை வருடமும் வெட்டினார், தைத்தார். எங்கள் பக்கத்தில் சத்திரசிகிச்சைக் கத்தி பிடித்த முதல் பெண் அவர். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்த ஒருவரின் மகள். படித்து முடித்ததும் வெளியே போகச் சந்தர்ப்பம் இருந்தும் போகாமல் இங்கேயே நின்றார்.

ஆரம்பத்தில் சனங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். குடல் முறுகி வந்த கரைவலை இழுத்து மீன் பிடிக்கிற ஒரு மனிதர் மேசையில் ஏற மறுத்துவிட்டார்.

"பொம்புளயா வெட்டப்போறா? பெரிய டொக்டர் வரட்டும். நான் காத்திரிக்கன்."

"பெரிய டொக்டர் நான்தான் மாமா," என்றார் மெடம். "உசரம்தான் கொஞ்சம் காணாது. அதுக்குத்தான் பலகை வெச்சிரிக்கன்."

"மீனாவது வெட்டிரிக்கியா புள்ள?"

"வாழைச்சேனைக் கடற்கரையில வளந்தவளிட்டக் கேக்கிற கேள்வியா மாமா இது?"

அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத புள்ள, நோகுது," என்றார். சிரித்ததோடு பயம் பாதி போய்விட்டது. அப்போதுதான் மெடம் அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சின்ன மருமகனுக்குச் சொல்லுங்க. மகன்மாருக்கு முதல்ல சொன்னா, நான் எழும்ப முந்தித் தோணிய வித்துப்போடுவானுகள்."

வேலை முடிந்ததும் மெடம் தானே வெளியே போனார். முன்னால் நின்ற மகன்மாரைத் தாண்டி, பின்னால் நின்ற அந்த மருமகனிடம் போய்ச் சொன்னார். மகன்மாரின் முகம் கறுத்ததைக் கண்டு நான் பயந்துபோனேன்.

"கோவிக்கப் போறாங்க மெடம்."

"கோவிக்கட்டும். கோவம் ரெண்டு நாளில போயிரும். சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லாம விட்டா அது போகாது."

அது வெறும் மரியாதைக்காகச் செய்கிற காரியம் என்றுதான் கனகாலம் நினைத்தேன். அது உயிர் காக்கும் என்பதைக் கண்டது ஒரு மழைநாளில். வாவிக்கு அங்கால், படுவான்கரையிலிருந்து ஓர் இளம் பெண்ணைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வெளுத்துப்போய், வயிறு ஊதிக் கிடந்தாள். அவளுடைய மாமிதான் கூட வந்தது. கரு தவறான இடத்தில் தங்கி வெடித்திருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்தோம். மாமியும் அப்படித்தான் சொன்னா. ஸ்கான் பார்க்க அந்த நாளில் எங்களிடம் வசதி இல்லை. நேரமும் இல்லை.

மெடம் கேட்டார். அந்தப் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு, "பரிமளம் அக்காவுக்கு," என்றாள்.

கை கழுவப் போனவர் நின்றுவிட்டார். புருசன் இல்லை, தாய் இல்லை, மாமி இல்லை. ஏன் ஒரு பரிமளம் அக்கா? "ஓடிப்போய் அந்த ஆளக் கண்டு, என்ன நடந்ததெண்டு கேட்டுக்கொண்டு வாங்க. தனியக் கேளுங்க," என்று என்னை விரட்டினார்.

பரிமளம் அக்கா பக்கத்து வீட்டுக்காரி. அந்தப் பிள்ளையோடு சேர்ந்து பாய் இழைக்கிறவ. தோணியில் இடம் பிடித்துத் தானாகவே வந்திருந்தா. மாமி என்னை மறித்தா.

"என்னகா, நான் மாப்பிளட தாய் இஞ்ச நிக்கன். அவளிட்ட என்ன கதை?"

"உங்களுக்கும் சொல்லுவம் அம்மா. கொஞ்சம் பொறுங்க."

ஓரமாகக் கூட்டிப்போனதும் பரிமளம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. "அது புள்ளப் பிரச்சினை இல்ல மிஸ்ஸி. போன கிழமை அவள்ட புருசன் உதைச்சவன். இடப்பக்கம். நான்தான் ஒத்தணம் போட்டுவிட்ட. வெளிய சொல்லாதகா எண்டு என்னிட்டச் சத்தியம் வாங்கினவள்."

நான் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். மெடம் கத்தி வைக்கிற இடத்தையே மாற்றினார். கிழிந்திருந்தது மண்ணீரல். கீழே வெட்டித் தேடிக்கொண்டிருந்திருந்தால் அந்தப் பிள்ளை எங்கள் கையில் போயிருக்கும்.

பிறகு மெடம் முதலில் பரிமளம் அக்காவிடம்தான் போனார். பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று கேட்டதும் அந்த மனுசி சீமெந்து நிலத்தில் அப்படியே குந்திவிட்டா. அதன் பிறகு, அந்தப் பிள்ளை எங்கே போய் இருக்க வேண்டும், யாரோடு போக வேண்டும் என்பதையும் மெடம் அந்த அக்காவை வைத்துத்தான் முடிவெடுத்தார். மாமி போட்ட சத்தம் விடுதி வரைக்கும் கேட்டது. மெடம் அசையவில்லை.

அடுத்த நாள் பகல், ரீ குடிக்கிற அறையில் நாங்கள் இருவரும் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு இருந்தோம். "இத நீங்க எங்க படிச்ச மெடம்?" என்று கேட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நானும் ஒரு நாள் வெளியில நிண்டனான்."

மெடம் நாவற்குடாவில் ஒரு கணக்கு ரீச்சரோடு ஒரே வீட்டில் இருந்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேரும் கலியாணம் முடிக்கவில்லை. ஊரில் அதைப் பற்றிக் கதை இருந்தது. கூடத்திலும் இருந்தது. மெடத்தின் காதில் விழாமல் கதைப்பதாக நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

"ரீச்சர் ஒருக்கா வேற ஊரில பஸ்ஸால விழுந்திட்டா," என்றார். "நான் போய்ச் சேரக்குள்ள தியேட்டருக்குள்ள எடுத்திட்டாங்க. நான் டொக்டர் எண்டு சொன்னன். அது சரி, நோயாளிக்கு நீங்க ஆரு எண்டு கேட்டாங்க. ஆரெண்டு சொல்ல? சிநேகிதி எண்டு சொன்னன். அவட தமையன் வந்தார். அவங்க அவருக்குச் சொன்னாங்க. அவர் அங்கால போயிட்டார். அவ இரிக்காவா இல்லையா எண்டு தெரியாம, பின்னேரம் வரைக்கும் அந்த மதிலோட நிண்டன். கடைசியில தரை கூட்ட வந்த மனுசிதான் பாவம் பாத்துச் சொன்னது."

பிறகு என்னை நேராகப் பார்த்தார். "சிநேகிதி எண்டு சொல்லுறது ஊருக்கு லேசு. அவ என்ட துணை. புருசன் பொஞ்சாதி எப்பிடியோ அப்பிடி. நீங்க என்னோட கனகாலம் வேலை செய்யப் போறீங்க. அதால சொல்லுறன்."

கலியாணம் பேசிக்கொண்டிருந்த வயது எனக்கு. "சோறு ஆறுது மெடம், சாப்பிடுங்க," என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார். "இதவிட நல்ல பதில் எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல," என்று தன் பார்சலில் இருந்த இறால் பொரியலில் பாதியை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. கதைக்கத் தேவையும் வரவில்லை. சில பின்னேரங்களில் ரீச்சர் குடையோடு வாசலில் வந்து நிற்பா. மெடம் இறங்கிப் போவார். வாவிக்கரை றோட்டால் இரண்டு பேரும் ஏதோ வாதாடிக்கொண்டு நடந்து போவார்கள். பார்த்தால் எந்த வீட்டுப் புருசன் பெண்சாதியும் மாதிரித்தான் இருக்கும்.

கூடத்துச் சுவரில் பெரியவர்களுடைய படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. மெடத்தின் படம் அங்கே இல்லை. அவர் ஓய்வு பெற்றபோது பிரியாவிடை வைக்கக் கதை எடுத்தார்கள். "அவவக் கூப்பிட்டா ரீச்சரும் வருவா, மேடையில எங்க இருத்துற?" என்று யாரோ கேட்டார்கள். அதோடு அந்தக் கதை நின்றுபோனது. இறந்தபோது பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில் சகோதரர்கள், மைத்துனிமார், பெறாமக்கள் என்று எல்லாருடைய பெயரும் இருந்தது. ரீச்சரின் பெயர் இல்லை. செத்த வீட்டில் சனம் வரிசையாகப் போய் மெடத்தின் தமையனுடைய கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தது. ரீச்சர் பந்தலின் கடைசியில், அயலட்டைப் பெண்களோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தா. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய வீட்டு முற்றம் அது.

நான் வரிசையில் போகவில்லை. முதலில் ரீச்சரிடம் போனேன். என் பின்னால் வந்த தியேட்டர்ப் பிள்ளைகளும் ஏன் என்று கேட்காமல் அங்கேயே வந்தார்கள். மெடம் பழக்கிவிட்ட கால்கள் அல்லவா. ரீச்சர் என் கையை விடவே இல்லை. அன்றிலிருந்து மாதம் ஒருமுறையாவது நாங்கள் தொலைபேசியில் கதைப்போம்.

இனி என் மகளின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. நிரோஜாவின் அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அவளுக்கென்று ஒரு வீட்டை நான் தனி ஆளாகக் கட்டி முடித்தேன். மாப்பிள்ளை பார்க்கவும் தொடங்கினேன். அவள் விவசாயப் போதனாசிரியை. நாள் முழுக்க வயல் வட்டைகளில் விவசாயிகளோடு நிற்கிறவள், வெயிலில் கறுத்துப்போனாள், யார் கேட்டு வரப் போகிறார்கள் என்பதுதான் அப்போது எனக்கிருந்த கவலை. போன பங்குனியில் ஒரு நாள் குசினியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, வீட்ட எனக்கு எழுதுறதெண்டா எழுதுங்க. ஆனா அதில சுகியும் நானும்தான் இரிப்பம். அவள்தான் எனக்கு."

சுகி அவளோடு வேலை செய்கிற, சித்தாண்டி ஊர்ப் பிள்ளை. எங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்து சாப்பிட்டுப் போனவள். எனக்கு எல்லாம் விளங்கியது. மெடத்தோடு அத்தனை வருடம் நின்றவளுக்கு விளங்காமல் இருக்குமா? ஆனால் அது மெடம். இது என் பிள்ளை. மெடத்தைப் பற்றிக் கதைத்த வாய்கள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. நாளைக்கு அவள் எந்த மதிலோடு நிற்கப் போகிறாளோ என்று பயந்தேன்.

"இப்ப வேணாம், மறுகா கதைப்பம்," என்றேன்.

பங்குனி போய் மாரியும் வந்துவிட்டது. அந்த மறுகா வரவே இல்லை. அவள் என்னோடு சாப்பிடுவாள், சிரிப்பாள். ஆனால் தன்னைப் பற்றி எதையும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

வெள்ளம் போட்டிருந்த ஒரு காலையில் சுகி தொலைபேசியில் அழைத்தாள். வட்டைப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்த நிரோஜாவுக்குத் தாங்க முடியாத வயிற்று நோ, ஆசுபத்திரிக்குக் கொண்டுவருகிறேன் என்றாள். நான் வந்து சேர்ந்தபோது தள்ளுகட்டிலில் கிடந்தாள். குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. அவளுடைய நிறத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பிந்திவிட்டது என்று. நான் தாதியாக இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அன்று கடமையில் இருந்தது உங்களில் ஒருவர். நான் வேலை பழக்கிய பிள்ளைகளிடம் வேலை பழகியவர். அவர் குனிந்து கேட்டார்.

"தங்கச்சி, முடிஞ்சதும் முதல்ல ஆருக்குச் சொல்ல?"

நிரோஜா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"சுகிக்கு."

"அம்மா இஞ்சதானே நிக்கா?"

"சுகிக்குச் சொல்லுங்க. அம்மாவுக்கு அவள் சொல்லுவாள்."

கதவு மூடியது. நான் வாங்கில் இருந்தேன். மறு அந்தத்தில் சுகி இருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு.

"எப்பிடிக் கொண்டுவந்த?" என்று கேட்டேன்.

"வட்டைக்குள்ள முழுக்க வெள்ளம் அன்ரி. ஆட்டோக்காரன் வரமாட்டன் எண்டிட்டான். உழவு மிசின் பெட்டியிலதான் ஏத்திக்கொண்டு வந்த. மடியில வெச்சிரிந்தன், குலுங்காம."

"எப்ப தொடங்கின நோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்து. உங்களுக்குச் சொல்லுவம் எண்டன். வேணாமெண்டிட்டாள். அம்மா ஏற்கனவே என்னால நித்திரை இல்லாமத் திரியிறா எண்டு சொன்னாள்."

கொஞ்ச நேரத்தால் அவள் எழும்பிப் போய் இரண்டு ரீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

"எனக்குச் சீனி..."

"போடல்ல அன்ரி. உங்களுக்குச் சீனி வருத்தமெண்டு தெரியும். அவள் சொல்லியிரிக்காள்."

என் வீட்டில் என்ன நடக்கிறது என்று இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இவளைப் பற்றி எனக்கு, சித்தாண்டி என்பதைத் தவிர, ஒன்றும் தெரியாது. கேட்கவும் இல்லை. பயம் கேட்க விடவில்லை. அந்த ரீயைக் குடித்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன செய்துகொண்டிருப்பார்கள், எந்த இடத்தில் கை தயங்கும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு இருப்பது பெரிய தண்டனை. ஒரு கட்டத்தில் கோப்பை சரிந்து ரீ சிந்தியது. சுகி நகர்ந்து கிட்ட வந்து கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

கதவு திறந்தது. நாங்கள் இரண்டு பேரும் எழும்பினோம்.

அந்தத் தாதியின் கால்கள் என் பக்கம்தான் வந்தன. நான் இந்தக் கூடத்தின் பழைய சிஸ்டர். உள்ளே கிடப்பவளின் தாய். வயதில் மூத்தவள். யார்தான் என்னைத் தாண்டிப் போவார்கள்? கிட்ட வந்தவர் ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். மெடம் உதறித்தள்ளிய அத்தனை மாமிமாரும் அண்ணன்மாரும் அந்த இடத்தில் நானாக நின்றுகொண்டிருந்தேன். பிறகு அவர் கிறுகித் திரும்பி, சுகியிடம் போனார்.

"நீங்கதானே சுகி? உங்களுக்குத்தான் முதல்ல சொல்லச் சொன்னவ. எல்லாம் நல்லபடி முடிஞ்சி. கொஞ்ச நேரத்தால கண் முழிப்பா."

சுகி வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சு வாங்கி முடிய முன்னமே என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நல்லமாம். நிரோவுக்கு நல்லமாம் அம்மா."

என் பிள்ளை பிழைத்த செய்தி எனக்கு அந்த வாயால்தான் வந்தது. அவளைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

பிறகு அந்தத் தாதி தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "சிஸ்டர், கோவிச்சுக்கொள்ளாதீங்க," என்றார். அப்போது எனக்கு வாய் வரவில்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன். தாதி மகளே, நீங்கள் சரியாகச் செய்தீர்கள். உங்கள் முன்னால் நின்றது உங்களுக்கு வேலை பழக்கியவர்களுக்கு வேலை பழக்கியவள் என்று தெரிந்தும் செய்தீர்கள். நான் பார்த்த எந்தப் பெரிய சத்திரசிகிச்சையைவிடவும் அந்த இரண்டு எட்டு நடையைப் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தப் பலகையின் ஒரு கால் ஆட்டம் கண்டிருக்கிறது. எறிந்துவிடாதீர்கள். ஆணி அடித்து வைத்திருங்கள். ஏறும்போது, அதில் யார் நின்றார் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

அன்று செய்தி கேட்டு, அழுது முடிந்து, முகம் கழுவிய பிறகு தொலைபேசியைக் கையில் எடுத்தேன். சொல்ல வேண்டிய ஆட்கள் பலர் இருந்தார்கள். என் தமையன் இருக்கிறார், மச்சாள்மார் இருக்கிறார்கள். முதலில் யாருக்குச் சொல்ல என்று நான் யோசிக்கவே இல்லை. விரல் தானாக நாவற்குடா ரீச்சரின் இலக்கத்துக்குத்தான் போனது.

முழுவதையும் சொன்னேன். பங்குனியில் மகள் சொன்னதையும், நான் சொன்ன மறுகாவையும், அந்தத் தாதி என்னைத் தாண்டிப் போனதையும். ரீச்சர் கடைசி வரைக்கும் கேட்டா.

"அவ இரிந்திரிந்தா அந்த மிஸ்ஸிக்கு இறால் பொரியல்ல பாதி குடுத்திருப்பா," என்றா ரீச்சர். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வகுப்பில் கேட்கிற மாதிரிக் கேட்டா. "அது சரி. புள்ளய ஆசுபத்திரியால விட்டா எங்க கூட்டிப்போகப் போறீங்க?"

"வீட்டுக்கு," என்றேன்.

"ஒருத்தியவா?"

வாங்கின் அந்தத்தில் சுகி செருப்பிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இல்ல ரீச்சர். ரெண்டு பேரையும்."